பதினெட்டாவது கையெழுத்து

ஒக்டோபர் 6, திங்கள்

வெயில். மழை வரும் வரும் என்று ரேடியோவில் மட்டும் சொல்கிறார்கள். முன்பள்ளியில் பிள்ளைகள் பத்தரைக்கே வாடிப்போனார்கள். தண்ணீர்ப் போத்தல் இரண்டு காணவில்லை.

வவுனியாவிலிருந்து சுகந்தி போன் எடுத்தார். எங்கள் பெண்கள் அமைப்பின் இணைப்பாளர். மெதுவாகக் கதைக்கவே தெரியாத மனுசி. தேர்தல் முறையை மாற்றுவது பற்றிச் சனத்திடம் கருத்துக் கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வருகிறதாம். 18ஆம் திகதி சனிக்கிழமை, வவுனியாவில். எங்களுக்கு ஐந்து நிமிடம். பேச வேண்டியது நான்.

ஏன் நான் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் கெதியாக் கோபம் வரும் ரீச்சர்" என்றார். இது பாராட்டோ?

செய்ய வேண்டியவை:
– கடிதம், நாலு பிரதி
– கையெழுத்து. பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். குறைந்தது ஐம்பது
– மூக்குக்கண்ணாடிக் கால் ஒட்ட
– சாம்பல் சேலைக்குச் சட்டை. நஸீமாவிடம் கொடுக்க

கேட்பது இவ்வளவுதான். பாராளுமன்றத்துக்கு இப்போது இருக்கிற விகிதாசார முறையை (இனி விகி., எழுதிக் கை நோகிறது) எடுத்துவிட வேண்டாம். தொகுதி தொகுதியாய் வெட்டினால் முதலாவது வந்தவருக்கே எல்லாம். மற்றவர்களுக்குப் போட்ட வாக்கு குப்பை. எங்கள் முல்லைத்தீவுக் கரை எந்தத் தொகுதியில் விழுந்தாலும் ஓரம். முள்ளியவளை முஸ்லிம் குடும்பங்கள் அதைவிடச் சின்ன ஓரம். விகி.யில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று சிதறிக் கிடக்கிற வாக்கெல்லாம் ஓரிடத்தில் சேரும். சேர்ந்த அளவுக்கு ஆசனம்.

அரைப் பக்கம்கூட வரவில்லை. ஐந்து நிமிடம் எப்படி இழுப்பது?

ஒக்டோபர் 8, புதன்

காலை கரைக்குப் போனேன். கரைவலை ஏறி முடிந்திருந்தது. கருவாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மீன் வெட்டிக்கொண்டு. விகிதாசாரம் என்று வாய் திறந்ததுமே முகங்கள் கடல் பக்கம் திரும்பிவிட்டன.

பிறகு வலையைக் காட்டிக் கேட்டேன். கயிறு பிடித்த எல்லாருக்கும் பங்கு உண்டா இல்லையா? கூடுதலாக ஆள் கொண்டு வந்தவன் எல்லா மீனையும் அள்ளிக்கொண்டு போனால் விடுவீர்களா? விடமாட்டோம் என்றார்கள். அதுதான் விகி. என்றேன். எனக்கே என்னில் ஒரு பெருமை.

அதற்குள் மூலையில் இருந்த ஒருத்தி, "வலைக்காரன்ர பங்கு முதல்ல போயிடும் ரீச்சர். அதையும் அங்க சொல்லுங்கோ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விகி.யிலும் பட்டியல் போடுகிறவர்கள் கட்சிக்காரர்தானே.

பதினொரு கையெழுத்து. இரண்டு தாளில் மீன் செதில்.

பின்னேரம் நஸீமா எடுத்தாள். முள்ளியவளையில் தைக்கிறவள். பிரதேச சபைத் தேர்தலில் நான் வட்டாரத்தில் நின்றபோது எனக்காக வெயிலில் நடந்த ஒரேயொரு முஸ்லிம் பெண். நான் தோற்றதற்கு என்னைவிட அவள்தான் அழுதாள். இத்தனைக்கும் அவளுக்கு இங்கே வாக்கே இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது போன குடும்பம். திரும்பி வந்து வருடக்கணக்காகியும் வாக்குப் புத்தளத்தில். உம்மா அங்கே, மகளின் பள்ளிக்கூடம் அங்கே, எல்லாம் அந்தப் பதிவில்தான் தொங்குகிறது. காணி மட்டும் இங்கே. அதற்கும் பத்திரம் இன்னும் வரவில்லை, ஃபைல் காணிக் கந்தோரில் கிடக்கிறது. அந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

அவள் கேட்டது: தங்கள் பக்கத்துச் சனம் கையெழுத்து வைக்கும்போது எந்த விலாசத்தை எழுதுவது?

அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது. "இருக்கிற இடத்தைப் போடச் சொல்லும்" என்று வைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

முழங்கால் வலி. சைக்கிள் பின் சில்லில் காற்று இல்லை.

கடற்றொழிலாளர் சங்கத்துக்குப் போனேன். தலைவர் மரியதாஸ் அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டால் சங்கமே போடும். கதிரை தந்து, சோடா தந்து, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். போடமாட்டேன் என்றார்.

அவர் சொன்ன நியாயம் (நேர்மையாக எழுதுகிறேன்): இறங்குதுறை உடைந்து எவ்வளவு காலம். யாரிடம் போய்க் கேட்பது? வன்னி மாவட்டம் முழுக்க ஆறு எம்.பி.மார் இருக்கிறார்கள். ஆறு பேரும் மற்ற ஐந்து பேரைக் கைகாட்டுவார்கள். தொகுதிக்கு ஒரு ஆள் என்றால் ஒரு சட்டைதான், அதைப் பிடித்து உலுப்பலாம்.

அந்த ஒரு ஆள் எங்கள் வாக்குத் தேவையில்லாமலே வென்றவராக இருந்தால் சட்டையைப் பிடிக்க விடுவாரா என்று கேட்டேன். நல்ல கேள்விதான். ஆனால் குரல் கூடிவிட்டது.

"பிள்ளை, நீ வட்டாரத்தில தோத்தனி. அந்தக் கொதியில கதைக்கிறாய்" என்றார். ஐந்தாறு பேருக்கு முன்னால்.

சோடாவைக் குடிக்காமல் எழும்பி வந்தேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் சூசையிடம் சொன்னேன். மனுசன் என்ஜின் கழற்றுகிறார். "அவர் சொன்னதும் சரிதானே" என்கிறார் நிமிராமலே. கட்டின புருசன்!

தோற்றதில் கொதி இல்லையா? இருக்கிறது. இருக்கட்டும். கொதி உள்ளவள் சொல்கிற கணக்கு பிழையாகிவிடுமா?

சங்கத்து வாசலில் ஆறு பேர் அவருக்குத் தெரியாமல் போட்டார்கள். மொத்தம் 17.

ஒக்டோபர் 13, திங்கள்

வானம் மப்பு. நஸீமா முன்பள்ளிக்கே வந்தாள். பைக்குள் மூன்று தாள், நாற்பத்தொரு கையெழுத்து! கோடு போட்டு, இலக்கம் போட்டு, அட்டை இலக்கங்கள் முத்து முத்தாய். எல்லா விலாசமும் முள்ளியவளை. நான் சொன்னபடி.

அவளைக் கட்டிப்பிடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், எதற்கென்று தெரியாமல்.

17 + 41 = 58. ஐம்பது கேட்டார்கள், ஐம்பத்தெட்டு. சந்தோசம் பொறுக்கவில்லை. தாள்களைப் போட்டோ எடுத்து அமைப்பின் வட்ஸ்அப்பில் போட்டேன். "முல்லைத்தீவு எண்டால் சும்மாவா?" என்று ஒரு வரி வேறு. முப்பது பேர் கைகூப்பு, பூ எல்லாம் போட்டார்கள்.

சட்டை அளவு கொடுத்தாயிற்று. கை கொஞ்சம் தொளதொளப்பாக.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை. நல்ல மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு.

மத்தியானம் நஸீமா பஸ்ஸில் வந்தாள். தெப்பமாய் நனைந்து. போனை நீட்டினாள். நான் போட்ட அதே போட்டோ. யாரோ சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். "இந்தப் பேர்கள் இங்கத்தைய வாக்காளர் இடாப்பில் இல்லை. வாக்குப் புத்தளத்தில், கையெழுத்து முல்லைத்தீவில். இரண்டு பக்கமும் சாப்பிடுகிறவர்கள் யார்?" ஊர்ப் பக்கங்கள் எல்லாவற்றிலும் சுற்றுகிறது. அட்டை இலக்கம் முழுக்கத் தெரிகிறது.

எங்கள் வட்ஸ்அப்பில் இருந்துதான் போயிருக்கிறது. வேறு வழியே இல்லை. போட்டவள் நான்.

சனம் பயந்துபோயிருக்கிறதாம். காணிக் கந்தோரில், நீங்கள் புத்தளத்து ஆட்கள், உங்களுக்கு இங்கே என்ன என்று கேட்டால்? புத்தளத்தில், நீங்கள்தான் முல்லைத்தீவில் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தீர்களே என்று பேரை வெட்டினால்? ஒரு கையெழுத்து, இரண்டு பக்கமும் கத்தி. காலையிலிருந்து நஸீமாவின் வாசலில் ஆட்கள். பேரை எடுக்கச் சொல்லி.

அவள் என்னை ஏசவில்லை. துவாய் கொடுத்தேன், தலையைத் துடைத்தாள். தேத்தண்ணி குடித்தாள். "உங்களிட்டக் கேட்டனான்தானே அக்கா, எந்த விலாசம் எண்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஓம், கேட்டாள். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 15, புதன்

தூறல். லீவு. முள்ளியவளைக்கு முதல் பஸ். மூன்று தாளும் பையில்.

நஸீமாவின் முன்னறை. தையல் மெசினைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கதிரைகள் போட்டிருந்தாள். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். மற்றவர்களுக்காகவும் வந்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். எழுதிக் கொண்டுபோனது ஒன்று, வாயில் வந்தது வேறு. அழுகை வந்துவிட்டது, அதுவும் வெட்கம். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பிஸ்கட் தந்தார்கள்.

ஹனீபா காக்கா, தோட்டம் செய்கிறவர், எல்லாருக்கும் மூத்தவர், மட்டும் கதைத்தார். "பிள்ளை, நீங்க கேக்கிறது நியாயம். நாங்க சின்னத் தொகை. சேத்து எண்ணினாத்தான் உண்டு. ஆனா எங்கட பேரை எந்தத் தாளில எழுதினாலும் ஆருக்கோ இடிக்குது. அதுதான் எங்கட கரைச்சல்."

பேனையைக் கேட்டார். தன் பேரைத் தானே வெட்டினார். ஒரே கோடு, நேராக. அடுத்தவரிடம் கொடுத்தார். பேனை கதிரை கதிரையாய்ப் போனது. வராதவர்களின் பேரை அவரவர் ஆட்கள் வெட்டினார்கள். ஒரு பெண் வெட்டுவதற்கு முதல் தன் பேரை ஒருக்கால் வாசித்துப் பார்த்தாள். நாற்பது கோடு, நஸீமாவின் பேர் தவிர எல்லாம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல்.

தாள்களைக் காக்கா மடித்துக் கொண்டுபோனார்.

எல்லாரும் போன பிறகு நஸீமா என் பையைத் திறந்தாள். கரைச் சனத்தின் தாளை எடுத்தாள். பதினேழுக்குக் கீழே 18 என்று போட்டு எழுதினாள். பெயர். அட்டை இலக்கம். விலாசம் என்ற இடத்தில்: வாக்கு புத்தளம், காணி முள்ளியவளை. இரண்டையும்.

வேண்டாம் என்றேன். காணி ஃபைல் என்ன ஆகும் என்றேன்.

"உள்ளதைத்தானே எழுதியிருக்கிறன். பொய் இருந்தாத்தான் பயம். என்ர பேரை மட்டும் வெட்டாதேங்கோ அக்கா."

சட்டை முடிந்திருந்தது. கை அளவாய் இருக்கிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். கண்ணாடிக் காலுக்குப் பசை பூசினேன், விரலும் ஒட்டிவிட்டது.

கடிதம் நாலாம் தரம் எழுதினேன். பேசிப் பார்த்தேன், சூசை மணிக்கூடு பிடித்தார். ஆறே கால் நிமிடம். அவருக்குப் பிடித்த இடம், வாக்குப் போட்டவன் தோற்கலாம், வாக்குத் தோற்கக்கூடாது என்ற இடமாம். பரவாயில்லை, மனுசன் கேட்டிருக்கிறார்.

நாளைக்கு நஸீமாவும் வருகிறாள்.

ஒக்டோபர் 18, சனி

வவுனியா. போய் வந்துவிட்டேன். ஒழுங்காய் எழுத வேண்டும். ஒளித்து எழுதக்கூடாது.

பஸ்ஸில் நஸீமாவும் நானும். ஓமந்தை கடக்கும்போது பேச்சை அவளுக்கு மெல்லச் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். முறுக்கு வாங்கினாள். அவளுக்கும் உள்ளே இருந்து கேட்க வேண்டும் என்று ஆசை.

மண்டபத்துக்கு வெளியே வரிசை. அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். நஸீமாவை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டுச் சுகந்தியுடன் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன்.

சுகந்தி தாளைப் பார்த்தார். பதினெட்டாவது வரியில் விரலை வைத்தார். இது வேண்டாம் ரீச்சர் என்றார். அந்த வட்ஸ்அப் படம் கொழும்புக் குழுவில் இருக்கிற ஒருவரின் ஆட்களிடமும் போயிருக்கிறதாம். புத்தளம் என்ற ஒரு சொல்லைக் கண்டால் போதும், விகி. பற்றிக் கதைக்கவே விடமாட்டார்களாம், முழு நேரமும் அதிலேயே போய்விடுமாம். நஸீமாவுக்கும் நல்லதில்லையாம்.

கடைசிக் காரணத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் என்று. கடைக்காரப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் துண்டு கேட்டேன். அந்த வரியின் மேல் நானே வைத்தேன். நாலு பிரதி. பதினேழு பேர். துண்டு விலகாமல் விரலால் பிடித்ததும் நான்தான்.

திரும்பி வந்தபோது நஸீமா வரிசையில் இல்லை. மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்றாள். இது வன்னி மாவட்ட வாக்காளருக்கான அமர்வு என்று வாசலில் சொல்லிவிட்டார்களாம். அட்டையில் புத்தளம். "பரவாயில்லை, இதால வடிவாக் கேக்கும். நீங்கள் போங்கோ" என்றாள். போனேன்.

முன் கதிரைகள் கட்சிக்காரர்களுக்கு. எங்கள் முறை வரும்போது மணி இரண்டரை. ஐந்து நிமிடம் இரண்டாகியிருந்தது. எழுதியதை மடித்து வைத்துவிட்டு வாயால் சொன்னேன். சொல்லி முடித்ததும் குழுவில் ஒருவர் தாளைப் புரட்டிக்கொண்டு, சிரித்த முகமாய், நீங்கள் தேர்தலில் நின்று தோற்றவராமே என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"ஓம், தோத்தனான்" என்றேன். "எனக்குப் போட்ட சனம் எங்க போறது எண்டு கேக்கத்தான் வந்தனான்."

மண்டபம் கைதட்டியது. பின்னால் மரியதாஸ் அண்ணன் நின்றார், சங்கத்துக்காகப் பேச வந்தவர். அவரும் தட்டினார். யன்னலுக்கு வெளியே நஸீமா இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். அந்த நேரத்தில் எனக்குச் செட்டை முளைக்காத குறை.

பிறகு அடுத்த கேள்வி. இதில் கையொப்பமிட்டவர்களில் மீளத் திரும்பிய முஸ்லிம் மக்களும் உண்டா?

ஒரு கணம். ஒரு கணம்தான் இருந்தது. ஓம், ஒருவர், அதோ யன்னலில் நிற்கிறா, நீங்கள் உள்ளே விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடைத்திருக்காது.

"இல்லை" என்றேன். "பதினேழு பேர். எல்லாரும் கரைச் சனம். எல்லாருக்கும் வாக்கு இஞ்சதான்."

நன்றி சொன்னார்கள். இருந்தேன். யன்னல் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் இல்லை. போன் வேலை செய்யவில்லை, அல்லது எடுக்கவில்லை. மரியதாஸ் அண்ணன் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார். வழி முழுக்க என்னைப் புகழ்ந்தார்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை எடுக்கவில்லை. சூசை பார்த்தார்.

கோயில் வாசலில் ஆட்கள் கை கொடுத்தார்கள். யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள், கைதட்டு வரைக்கும். அதற்குப் பிறகு வெட்டியிருக்கிறார்கள். அதனால் என்னை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். காப்பாற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, வெட்டாதே என்று. சின்னத் தொகையை விடக்கூடாது என்று ஒலிவாங்கியில் கத்திவிட்டு, ஒரே ஒரு ஆளை, எண்ணிக்கைக்கு வசதியில்லை என்று விட்டவள் நான். அதுதான் நடந்தது.

நஸீமாவுக்கு மூன்று தரம் எடுத்தேன். மணி போகிறது.

சுகந்திக்கு எடுத்தேன். மேலதிகமாக எழுதிக் கொடுக்க 24 வெள்ளி வரை நேரம் உண்டாம். ஏன், நல்லாத்தானே முடிந்தது என்கிறார்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. வீதியெல்லாம் வெள்ளம். முன்பள்ளி முடிந்து, சாப்பிடாமல் முள்ளியவளைக்கு.

கடிதம் நேற்று எழுதினேன். ஐந்து வரி. சனிக்கிழமை நான் சொன்னது பிழை. கையெழுத்திட்டவர்கள் பதினேழு அல்ல, பதினெட்டு. பதினெட்டாமவரின் பெயரை அவருடைய சம்மதம் இல்லாமல் மறைத்தேன். அவருக்கு வாக்கு புத்தளத்தில், காணி முள்ளியவளையில், அன்றைக்கு மண்டபத்துக்கு வெளியில் நிறுத்தப்பட்டிருந்தார். கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு கோடு, வெறுமையாய்.

கதவு திறந்துதான் இருந்தது. மெசினில் இருந்தாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்று. வாங்கோ என்றாள், காலை நிறுத்தவில்லை. தையல் முடிந்து நூலை வெட்டிய பிறகுதான் கடிதத்தை வாங்கினாள். முழுதும் வாசித்தாள். திரும்பவும் மேலிருந்து வாசித்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். உமக்குக் கரைச்சல் வரக்கூடாது எண்டுதான் என்று தொடங்கினேன்.

"நான் பயந்து வெளியில நிக்கேல்லை அக்கா" என்றாள். "என்னை உள்ள விடேல்லை. நீங்கள் உள்ள இருந்தனீங்கள்."

பேனையை நீட்டினேன். வாங்கவில்லை. அடுத்த சட்டையை எடுத்து மெசினில் வைத்தாள்.

"வைச்சிட்டுப் போங்கோ."

கடிதத்தை மேசையில் வைத்தேன், பேனையையும். பஸ் வர ஒன்றரை மணித்தியாலம். மெசின் சத்தம் வீதி வரைக்கும் கேட்டது.